சத்தியம் செய்ய வைத்த விண்மீன்கள்

அரபுக் கல்லூரிகளில் நஹ்வு பயின்றோர் ‘ஹளாரி’ என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். ‘ஃபஆலி’ என்னும் அமைப்பில் வரும் பெண்பாற் பெயர்களின் இறுதி எழுத்து ‘ரா’வாக அமையுமானால், ஹிஜாஸ் வாசிகளோடு பனூ தமீம் கோத்திரத்தாரில் பெரும்பாலோரும் ஒன்றுபட்டு அதனைக் கஸ்ரு கொண்டே முடிப்பர். இந்த இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டாக வரும் சொல் அது. ‘ஒரு விண்மீனின் பெயர்’ என்று ஆசிரியர் ஒரே வரியில் பொருள் கூறி மேலே செல்வார். நாமும் அவ்வாறே பயின்றோம். பின்னர் நீண்ட காலம் அவ்வாறே பயிற்றுவித்தோம். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “அது எந்த விண்மீன், ஹஸ்ரத்? நம் ஊரில் தெரியுமா?” என்று வினவினார். விடை நம்மிடம் இல்லை.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினோம். ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’ தரும் விளக்கத்தின் சாரம் இது: ஹளாரி, வஸ்ன் ஆகிய இரண்டும் ஸுஹைலுக்கு முன்னர் உதிக்கும் விண்மீன்கள். அவற்றைக் காண்போர் ‘இதோ ஸுஹைல்’ என்று எண்ணிவிடுவர். ஒருவர் ‘அதுதான்’ என்று சத்தியம் செய்வார். மற்றவர் ‘அதுவன்று’ என்று சத்தியம் செய்வார். ஆகவே அவ்விரண்டுக்கும் ‘முஹ்லிஃபானி’, அதாவது சத்தியம் செய்ய வைக்கும் இருவர் என்று பெயர் வந்தது.

பாலைவனத்து மக்களின் சுவையான வழக்கு ஒன்றை அறிந்தோம் என்ற அளவில் அகராதியை மூடிவிட்டோம். ஆனால் விண்கலங்கள் தம் திசையை அறியும் முறையின் வரலாற்றைப் பின்னர் வாசித்தபோது, அதே ஸுஹைலை முன்னிட்டு, அதே குழப்பம், 1964ஆம் ஆண்டில் பூமிக்கு வெளியே நிகழ்ந்திருப்பதைக் கண்டு வியந்தோம். அவ்வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திசை தெரியாத வெளி

கப்பலுக்குக் கீழே கடல் உண்டு, தொடுவானம் உண்டு, காந்த ஊசி உண்டு. இந்துமாக்கடலில் கலம் செலுத்திய அரபு மாலுமிகள் அடிவானத்தை 32 பங்குகளாகப் பிரித்து, அவற்றுக்கு விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் பெரும் மாலுமியான இப்னு மாஜிதின் நூல்களில் ஸுஹைலின் உதயமும் மறைவும் அத்தகைய திசைகளாகவே இடம்பெறுகின்றன.

விண்கலத்திற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தவறினால் சூரியத் தகடுகள் ஒளியை இழக்கும். அலைவாங்கி பூமியை விட்டு விலகும். எந்திரத்தை இயக்கினால் கலம் வேறு திக்கில் பாயும். சுழல்காட்டிகள் திருப்பத்தை அளந்து சொல்லும். ஆயினும் அவற்றில் சிறு பிழை நாளடைவில் திரண்டு பெரும் பிழையாகும். அதைத் திருத்துவதற்கு அசையாத அடையாளம் ஒன்று வேண்டும். அந்த அடையாளத்தை விண்மீன்களே தர இயலும். அவற்றைக் கண்டு இலக்கைச் சொல்லும் கருவியே விண்மீன் உணரி.

மாரினர் கண்ட முஹ்லிஃபுகள்

அமெரிக்காவின் மாரினர் 4 விண்கலம் 1964 நவம்பர் 28 அன்று செவ்வாயை நோக்கி ஏவப்பட்டது. அதற்கு முன்னர் வெள்ளிக்குச் சென்ற மாரினர் 2, சூரியனையும் பூமியையும் அடையாளமாகக் கொண்டிருந்தது. செவ்வாய்ப் பயணத்தில் அது இயலாது. பூமி சூரியனுக்கு அருகே மெல்லிய பிறையாகிவிடும். ஆகவே சூரியனோடு ஒரு விண்மீனைத் துணைகொள்ள முடிவு செய்தனர். கலத்தின் ஒரு முகத்தைச் சூரியனை நோக்கி நிறுத்திவிட்டால், அந்த அச்சைச் சுற்றி அது உருளுவது மட்டுமே எஞ்சும். சூரியன் இருக்கும் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக ஓர் ஒளிமிக்க விண்மீன் இருந்தால் அந்த உருளலையும் கட்டுப்படுத்தலாம். வானில் பிரகாசத்தில் இரண்டாம் இடம் வகிப்பதும், சூரியப் பாதையிலிருந்து ஏறத்தாழ 76 பாகை தெற்கே விலகி நிற்பதுமான விண்மீன் ஒன்று அதற்குப் பொருத்தமாக வாய்த்தது. மேலைநாட்டார் அதனைக் கனோப்பஸ் என்பர். தமிழர் அகத்தியர் விண்மீன் என்பர். அதுவே ஸுஹைல்.

உணரிக்கு ஸுஹைலைத் தெரியாது. ‘இவ்வளவு ஒளியுள்ளது எதுவோ அதுவே ஸுஹைல்’ என்று மட்டுமே அதற்குக் கற்பித்திருந்தனர். ஸுஹைலின் ஒளியில் எட்டில் ஒரு பங்குக்கு மேலும், எட்டு மடங்குக்குக் கீழும் இருந்தால் அது ஏற்றுக்கொள்ளும். அந்த வரம்புக்குள் ஸுஹைல் உட்பட ஏழு பொருள்கள் அதன் பார்வைக்கு எட்டின. கலம் மெல்ல உருண்டு தேடத் தொடங்கியது. முதலில் பூமியிலிருந்து சிதறி வந்த ஒளியைப் பற்றிக்கொண்டது. பின்னர் அல்தராமின், ‘வலக்கை’ எனப் பொருள்படும் ‘அத்திராஉல் யமீன்’ என்பதன் திரிபு அது. அடுத்து ரெகுலஸ், நம்மவர் மகம் என்பதும், அரபியர் ‘கல்புல் அஸத்’, சிங்கத்தின் இதயம், என்பதும் அதுவே. பிறகு நாவோஸ். அதன் பின்னர், பாய் மண்டலத்தின் காமா விண்மீன். ஒவ்வொரு முறையும் ‘அதுவன்று’ என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பி விலக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு ஒரு நாளுக்கும் மேல் அலைந்த பின்னரே நவம்பர் 30 அன்று ஸுஹைல் அகப்பட்டது.

இறுதியாக ஏமாற்றிய காமா விண்மீனுக்கு மேலைநாட்டு விண்மீன் பெயர்த் தொகுப்புகளில் வழங்கிவந்த பெயர்களுள் ஒன்று ‘ஸுஹைல் அல்-முஹ்லிஃப்’ என்பதாகும். சத்தியம் செய்ய வைக்கும் ஸுஹைல்! அந்தப் பெயரைப் படித்த இடத்தில்தான் நமக்கு லிஸானுல் அரபின் வரிகள் நினைவுக்கு வந்தன.

குழப்பம் அத்துடன் முடியவில்லை. பிடித்த விண்மீனை உணரி அடிக்கடி இழந்தது. பாதையைத் திருத்துவதற்கான முதல் முயற்சி இதனால் கைவிடப்பட்டு, டிசம்பர் 5 அன்றே நிறைவேறியது. ஏவிய மூன்று வாரங்களுக்குள் ஆறு முறை பிடி தவறியது. காரணத்தை ஆராய்ந்த பொறியாளர்கள், கலத்தின் மேனியிலிருந்தே உதிர்ந்த தூசித் துகள்கள் உணரியின் முன்னால் மிதந்து, வெயிலில் மின்னி, ஒளிமிக்க விண்மீன்போல் தோன்றியதே காரணம் என்று முடிவுக்கு வந்தனர். துகளின் மினுமினுப்பு ஒளியின் மேல்வரம்பைத் தாண்டும்போது, உணரி தன் கண்முன் இருந்த மெய்யான ஸுஹைலைக் கைவிட்டுத் தேடப் புறப்பட்டது. டிசம்பர் 17 அன்று மேல்வரம்பை நீக்கும் கட்டளை அனுப்பப்பட்டது. அதன் பின்னர் பிடி தவறவில்லை. 1965 ஜூலை 14-15இல் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து, அக்கோளின் முதல் அண்மைப் படங்களை எடுத்தது.

ஒளியை நம்பலாகாது

பாலைவனத்தார் ஏன் தடுமாறினர் என்பதற்கும் இந்நிகழ்ச்சி விளக்கம் தருகிறது. ஸுஹைல் தென்வானத்தின் விண்மீன். திருச்சிராப்பள்ளியில் அது உச்சம் அடையும்போது தொடுவானுக்கு மேல் 26 பாகை உயரத்தில் நிற்கும். மக்காவில் 16 பாகை. பக்தாதில் 4 பாகையே. தொடுவானை ஒட்டிய விண்மீனின் ஒளி தூசியும் ஆவியும் நிறைந்த காற்றின் வழியே வந்து மங்கிச் சிவக்கும், நடுங்கும். வானின் இரண்டாவது பெருவிளக்கு சாதாரண விண்மீனாகிவிடும். அரபு நாடுகளில் ஆகஸ்ட் இறுதியில், விடியலுக்கு முன், ஸுஹைல் முதன்முதலாகத் தலைகாட்டும் நாள் கோடையின் கடுமை தணிவதற்கு அறிகுறி. எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும் வேளையில் ஆவலே பாதி சாட்சியாகிவிடுகிறது. ஒளி ஒன்றையே அடையாளமாகக் கொண்ட கண்ணும், ஒளி ஒன்றையே அடையாளமாகக் கொண்ட கருவியும் ஒரே பிழையைச் செய்தன.

இப்பிழைக்கு மருந்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாடியவர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி. ஹிஜ்ரி 291இல் (கி.பி. 903) ரய் நகரில் பிறந்து, புவைஹிய மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் ஆய்வு செய்து, ஹிஜ்ரி 376இல் (கி.பி. 986) மறைந்தவர். கி.பி. 964 அளவில் அவர் எழுதிய ‘கிதாபு ஸுவரில் கவாகிபித் தாபிதா’ நிலைத்த விண்மீன்களின் வடிவங்களைப் பற்றியது. அதன் முன்னுரையில் அவர் இரு சாராரைக் குறை கூறுகிறார். ஒரு சாரார், நூல்களில் கண்ட எண்களை வானத்தோடு ஒத்துப் பார்க்காமல் கோளங்களில் பொறித்தவர்கள். மறு சாரார், அரபியரின் விண்மீன் வழக்குகளைச் செவிவழிச் செய்தியாகக் கேட்டு எழுதியவர்கள். தாலமி எழுதினார் என்பதும் போதாது. அரபியர் சொன்னார்கள் என்பதும் போதாது. இரண்டையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்பதே அவர் நிலை.

அவர் மூன்று காரியங்களைச் செய்தார். விண்மீன்களின் ஒளித் தரத்தைத் தாமே பார்த்துத் திருத்தினார். ஒரே தரத்திற்குள்ளும் ‘அதில் பெரியது’, ‘அதில் சிறியது’ என்று நுணுக்கம் காட்டினார். தாலமியின் காலத்திலிருந்து வானம் நகர்ந்த அளவைக் கணக்கிட்டு, எல்லா விண்மீன்களின் நெட்டாங்குகளிலும் 12 பாகை 42 கலை கூட்டினார். ஒவ்வொரு மண்டலத்திற்கும் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று வானில் காண்பது போன்றது. மற்றொன்று கோளத்தில் வெளியிலிருந்து காண்பது போன்றது, அதாவது கண்ணாடிப் பிம்பம். ஒரு விண்மீனை அதன் ஒளியாலும், அதன் அண்டையில் நிற்பவற்றாலும், அவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதாலும் சேர்த்தே அறிய வேண்டும் என்னும் முறை இதில் அடங்கியுள்ளது.

சாட்சிகள் பெருகிய கதை

ஒரு விண்மீனைக் கொண்டு திசைநிலையை முழுமையாக அறிய இயலாது. அந்த விண்மீனைப் பார்த்தபடியே கலம் எவ்வளவும் உருளலாம். குறைந்தது இருவர் வேண்டும். 1968 டிசம்பரில் சந்திரனைச் சுற்றித் திரும்பிய அப்பல்லோ 8இல், ஜிம் லவல் தவறான நிரலெண்ணை அழுத்திவிட்டதால் கணினியின் நினைவிலிருந்த திசைநிலை அழிந்தது. அவர் ரைஜெல், சிரியஸ் ஆகிய இரு விண்மீன்களைக் கருவியால் குறிபார்த்து அதனை மீட்டார். முன்னது அரபியில் ‘ரிஜ்லுல் ஜவ்ஸா’, பின்னது ‘அஷ்-ஷிஃரா’.

இருவருக்கு மேற்பட்ட சாட்சிகள் வந்து, ஒவ்வொன்றிலும் சிறு பிழை இருப்பின், எல்லாவற்றுக்கும் மிகப் பொருந்தும் ஒரே திசைநிலை எது? 1965இல் கிரேஸ் வாபா என்னும் கணித அறிஞர் இதை ஒரு கணக்காக வடித்து முன்வைத்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் அக்கணக்கின் தீர்வுகள் பின்னர் விண்கலங்களின் அன்றாடப் பணியாயின. ஒளியை மின்னூட்டமாக்கிப் படம்பிடிக்கும் சி.சி.டி. சில்லு வந்தபின் உணரி ஒற்றை விண்மீனைத் துரத்துவதை விட்டு, வானின் ஒரு துண்டையே படமெடுக்கத் தொடங்கியது. அதில் தெரியும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணத் தொலைவுகளை அளந்து, நினைவில் உள்ள ஆயிரக்கணக்கான விண்மீன்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. எந்த முன்தகவலும் இல்லாமல் ‘நான் இப்பக்கம் பார்க்கிறேன்’ என்று சில விநாடிகளில் சொல்லிவிடுகிறது. ஒரு முக்கோணமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே பக்க அளவுகளைக் கொண்டவை என்பதால், இடம் வலம் மாறாமல் ஒப்பிடுவதும் அதன் கடமை. அஸ்-ஸூஃபியின் இரட்டைப் படங்களை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஒரேயொருவர் வழியாக வந்த செய்திக்கும், பொய்யில் ஒன்றுகூட இயலாத பலர் வழியாக வந்த முதவாதிர் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை உஸூல் கலையில் பயின்றவர்கள் நாம். மாரினரின் உணரிக்கும் இன்றைய உணரிக்கும் இடையே உள்ள தொலைவை அவ்வேறுபாடே நமக்கு எளிதில் விளக்குகிறது.

சோதனை

சாட்சி பெருகினாலும் சாட்சியின் தகுதி ஆராயப்பட வேண்டும். உணரியைச் சோதிக்கும் முறை நம் கவனத்திற்குரியது. விண்மீனின் ஒளி ஒரே படப்புள்ளியில் விழுந்தால் அதன் இடத்தை ஒரு புள்ளி அளவுக்கே அறியலாம். ஆகவே வில்லையைச் சற்றே தெளிவு குறைத்து அமைத்து, ஒளியைப் பல புள்ளிகளில் பரவவிட்டு, அதன் மையத்தைக் கணக்கிடுகின்றனர். தெளிவைக் குறைத்துத் துல்லியத்தைக் கூட்டும் விந்தை இது. இதனால் சில விகலை அளவுக்குத் திசை அறியப்படுகிறது. ஒரு பாகையில் 3,600 விகலைகள் என்பது நினைவிருக்கட்டும். அந்த அளவில், பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தால் விண்மீன் 20 விகலை வரை இடம்பெயர்ந்து தோன்றுவதைக்கூடக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

ஆய்வகத்தில், நுண்துளை வழியே வரும் ஒளியை வில்லைகளால் இணைகதிர்களாக்கிப் போலி விண்மீன் படைக்கின்றனர். அதிர்வு எட்டாத மேடையில் உணரியை அறிந்த அளவு திருப்பி, அது சொல்லும் அளவோடு ஒப்பிடுகின்றனர். கறுப்புப் பூசிய அறையில் செயற்கைச் சூரியனைக் காட்டி, ஒளித்தடுப்புக் குழல் எந்தக் கோணம் வரை காக்கும் என்று அளக்கின்றனர். காற்றற்ற கலனில் சூடாக்கியும் குளிரூட்டியும் பார்க்கின்றனர். ராக்கெட்டின் குலுக்கலுக்கு உட்படுத்துகின்றனர். கதிர்வீச்சுத் துகள்களைப் பாய்ச்சி, சில்லில் எழும் பொய்ப் புள்ளிகளை விண்மீன் என ஏமாறுகிறதா என்று நோக்குகின்றனர்.

இறுதியாக, கருவியை மெய்யான இரவு வானின் கீழ் வைக்கின்றனர். அங்கே அதனைத் திருப்ப மேடை வேண்டியதில்லை. பூமியே விநாடிக்கு 15 விகலை வீதம் அதனைத் திருப்புகிறது. அந்த வேகம் ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்டது. கருவி சொல்லும் வேகம் அதனோடு பொருந்த வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வானம் புதிய பாடம் கற்பிக்கும். 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட நம் நாட்டின் சந்திரயான் 1, சந்திரனை 100 கி.மீ. உயரத்தில் சுற்றியது. அதன் திட்ட இயக்குநர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. 2009இல் அதன் விண்மீன் உணரிகள் செயலிழந்தன. அதே ஆண்டு மே 19 அன்று கலம் 200 கி.மீ. உயரத்திற்கு ஏற்றப்பட்டது. சுழல்காட்டிகள், அலைவாங்கியின் திசைத் தகவல், நிலவுத் தரையின் அறிந்த இடங்களின் படங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திசைநிலையை அறிந்து பணியைத் தொடர்ந்தனர். முதன்மைச் சாட்சி வாய்மூடியபோது மற்ற சாட்சிகளைக் கூட்டிய கதை அது. இரண்டாண்டுக்குத் திட்டமிட்ட பயணம், 2009 ஆகஸ்ட் 29 அன்று, 312 நாள்களில் தொடர்பு அறுந்து முடிவுற்றது. ஆயினும் நிலவில் நீர் மூலக்கூறுகள் உள்ளன என்னும் செய்தி அக்கலத்தின் வழியாகவே உலகை எட்டியது.

பெயரும் பொருளும்

அப்பல்லோ வீரர்கள் பயன்படுத்திய 37 விண்மீன்களின் பட்டியலில் பல அரபுப் பெயர்கள் உள்ளன. நம் மேடைகளில் இதனைப் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம், நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஹளாரி பற்றிய தேடலில் ஓர் உண்மை நம்மைத் தலைகுனிய வைத்தது. இன்று உலக வானியலார் ‘ஹதார்’ என்னும் பெயரைச் சென்டாரஸ் மண்டலத்தின் பீட்டா விண்மீனுக்கு வழங்குகின்றனர். அது அரபு நாட்டில் ஸுஹைல் உதித்து எட்டு மணி நேரத்திற்கும் மேல் கழித்தே உதிப்பது. ஸுஹைலுக்கு முன் உதித்துச் சத்தியம் செய்ய வைத்த ஹளாரி அதுவாக இருப்பது எவ்வாறு? ‘வெஸன்’ என்னும் பெயர் பெருநாய் மண்டலத்து விண்மீன் ஒன்றுக்குச் சென்றுள்ளது. அதுவோ ஸுஹைலுக்கு ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக முன்னே உதிக்கிறது, வழக்கோடு பொருந்துகிறது. ஆக, ஒரு பெயர் பொருத்தமான இடத்திலும் மற்றொன்று பொருந்தாத இடத்திலும் நிற்கின்றன. பெயர்கள் இடம்மாறும். பெயரை மட்டும் கைக்கொண்டோர் அந்த மாற்றத்தை அறியவும் மாட்டார்கள்.

விண்கலத்தின் உணரிக்குப் பெயர்கள் தேவையில்லை. அதன் பட்டியலில் எண்களே உள்ளன. அந்த எண்களுக்கு அடிப்படையானவற்றுள் ஒன்று, ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை அளந்து, 1997இல் வெளியான 1,18,218 விண்மீன்களின் பட்டியல். அஸ்-ஸூஃபி அதனைக் கண்டிருந்தால் தம் நூலில் எத்தனை பிழைகள் திருத்தப்பட்டுள்ளன என்றே முதலில் நோக்கியிருப்பார் என்று எண்ணுகிறோம். தாலமியிடம் அவர் அவ்வாறே நடந்துகொண்டார். அவரிடமிருந்து நாம் பெறத்தக்க மரபுரிமை அந்தப் பார்வையே. அப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கும் நம் கல்லூரிகளில் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் அருகிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த ஆண்டு நஹ்வுப் பாடத்தில் ஹளாரி வந்தபோது, மாசி மாத இரவொன்றில், இஷாவுக்குப் பின் மாணவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றோம். தெற்கு நோக்கி நின்று, தலைக்கு மேலே மிகுந்து ஒளிர்ந்த ஷிஃராவை முதலில் காட்டினோம். நீட்டிய கையின் முட்டியால் அதிலிருந்து மூன்றரை முட்டி கீழே அளந்து, அங்கே ஒளிர்வதே ஸுஹைல் என்றோம். கேள்வி கேட்ட மாணவரும் அங்கு இருந்தார். “நிச்சயமாக அதுதானா, ஹஸ்ரத்?” என்றார். நாம் சத்தியம் செய்யவில்லை. சற்று நேரம் காத்திருந்து, ஸுஹைல் உச்சம் கண்ட 20 நிமிடத்தில் ஷிஃராவும் உச்சம் காண்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னோம். அவர் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தார்.